தோட்டத்து லொறியின் பழைய பற்றரி

சபரகமுவ மாகாணத்துத் தோட்டமொன்றில் மாலை வேளையில் லொறி எங்கே நிறுத்தப்படுகிறது என்பதைப் பார்த்தாலே, அதன் பற்றரியின் வயதை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். நல்ல பற்றரியுள்ள லொறி தொழிற்சாலை முற்றத்திலே, சமதரையிலே, கூரைக்கடியிலே நிற்கும். பற்றரி தளர்ந்துபோன லொறியோ வீதியின் இறக்கத்தை நோக்கி முகம் வைத்து, முன்சில்லுக்கு ஒரு கருங்கல்லை அண்டக் கொடுத்துக்கொண்டு, இரவெல்லாம் மழையில் நனைந்தபடி நிற்கும். விடிந்ததும் கிளீனர் கல்லை இழுத்தெடுப்பான். சாரதி கைப்பிறேக்கைத் தளர்த்துவார். வண்டி தன் பாரத்தாலேயே உருளத் தொடங்கும். சற்று வேகம் பிடித்ததும் கிளச்சிலிருந்து காலை எடுத்தால், இயந்திரம் இரண்டு தரம் இருமி, மூன்றாம் தரம் உயிர் பெறும்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் வாழும் நேயர்களுக்கு இக்காட்சி புதியதன்று. தெரணியகலைப் பக்கத்து மலைச்சரிவிலும், பலாங்கொடை, இறக்குவானைத் தோட்டங்களிலும் இதைக் கண்டு வளர்ந்தவர் பலர். இறக்கத்தில் வண்டியை உயிர்ப்பிப்பதை ஒரு கைத்திறனாக எண்ணிப் பெருமை கொள்ளும் சாரதிமாரும் உளர். திறமைதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்தத் திறமை ஏன் தேவைப்படுகிறது என்று கேட்டால், விடை பெரும்பாலும் ஒரே பெட்டியில் போய் முடிகிறது. காலத்தில் மாற்றப்படாத பற்றரியே அந்தப் பெட்டி.

பழைய லொறிகள் இம்மலைகளில் இத்தனை காலம் தங்கிவிட்டமைக்கு ஒரு வரலாறு உண்டு. முன்னாளில் இப்பகுதியின் தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்குச் சுமந்தது களனிவெளிப் புகையிரதம். இரண்டரை அடி அகலமே கொண்ட அந்தச் சிறிய பாதை 1902ஆம் ஆண்டில் அவிசாவளையையும், 1903இல் எட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஓப்பநாயக்கவையும் சென்றடைந்தது. எட்டியாந்தோட்டைக் கிளை 1942இல் பெயர்த்தெடுக்கப்பட்டது. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பாதை 1970களில் மூடப்பட்டது. புகையிரதம் இறக்கி வைத்த சுமை முழுவதும் லொறியின் முதுகில் ஏறிற்று. பெட்போட், லேலண்ட், அல்பியன், கொமர் என்று அக்காலத்தில் வந்தவை பெரும்பாலும் பிரித்தானிய வண்டிகள். பின்னர் இந்தியாவிலிருந்து டாட்டாவும் வந்தது. சட்டகமும் இயந்திரமும் கப்பலில் வரும்; முதுகின் மரப்பெட்டியை இங்குள்ள தச்சர் பலா, தேக்கு முதலிய மரங்களால் கட்டிக் கொடுப்பர்.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், 1975இல் வந்த அதன் திருத்தமும் தோட்டங்களை அரசின் கைக்கு மாற்றின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. பெயர்ப்பலகைகள் மாறின, பல தோட்டங்களில் லொறி மாறவில்லை. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது, உதிரிப்பாகம் ஒன்றைப் பெறுவதே பெரும்பாடாக இருந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டின் பின், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடி அதனை நீடித்தது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் தடை பெரும்பாலும் நீங்கியது. நீங்கியும் என்ன? புதிய லொறியின் விலை எட்டாத உயரத்தில் நின்றது. ஆகவே, தந்தை ஓட்டிய வண்டியை மகன் ஓட்டுவதும், அதனை அவனே பழுதுபார்ப்பதும் இந்நாட்டில் வியப்பன்று.

அந்த வண்டியிடம் தோட்டம் எதிர்பார்ப்பது சிறிதன்று. பறித்த கொழுந்து குவியலாகக் கிடந்தால் உட்சூடு ஏறிச் சிவந்து கெடும். அன்றன்றே தொழிற்சாலையைச் சேர வேண்டும். இறப்பர்ப் பாலுக்கு அத்தனை பொறுமையும் இல்லை. அதிகாலையில் வெட்டிய பால் வெயில் ஏறுமுன் சேராவிட்டால் வாளியிலேயே உறைந்துவிடும். அரிசியும் மாவும் உரமும் வந்து சேர்வதும் லொறியில்தான். இவற்றுக்கெல்லாம் மேலாக இன்னொன்று உண்டு. நள்ளிரவில் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால், அல்லது ஒரு குழந்தைக்கு மூச்சு முட்டினால், நெடுங்காலமாகத் தோட்டத்து மக்கள் ஓடிச்சென்று தட்டிய கதவு லொறிச் சாரதியின் கதவே. அம்புலன்ஸ் வண்டி ஏற மறுக்கும் பாதையில் லொறி ஏறும். சாக்கு விரித்து, தலையணை வைத்து, இருவர் தாங்கிப் பிடிக்க, நோயாளி மாவட்ட வைத்தியசாலைக்குப் போவார். அந்நேரத்தில் சாவியைத் திருப்பியதும், “டக்” என்னும் ஓரொலியோடு வண்டி வாய்மூடிக்கொண்டால், அது வெறும் யந்திரக் கோளாறு என்று எவராலும் சொல்ல முடியாது.

மண்சரிவையும் மறப்பதற்கில்லை. 2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தது. அத்தகைய மழை நாள்களில் எச்சரிக்கை கிடைத்தால், சரிவின் கீழுள்ள குடும்பங்களை இரவோடிரவாக அப்புறப்படுத்த வேண்டும். கையிலுள்ள பெரிய வண்டி ஒன்றே ஒன்று. அது கிளம்ப வேண்டும்.

“இறக்கத்தில் உருட்டினால் கிளம்பிவிடுமே” என்பார் உண்டு. இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பாரவண்டியின் பிறேக் சாரதியின் கால்வலியை மட்டும் நம்பியதன்று. சிலவற்றில் காற்றழுத்தமும், சிலவற்றில் இயந்திரம் உறிஞ்சும் வெற்றிடமும் அதற்குத் துணைசெய்கின்றன. இரண்டும் இயந்திரம் ஓடும்போதுதான் பிறக்கின்றன. இரவு முழுவதும் நின்ற பழைய வண்டியின் காற்றுத்தாங்கியில் காலையில் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பது அதன் கசிவுகளைப் பொறுத்தது. ஆகவே, ஓடாத இயந்திரத்தோடு உருளும் லொறி ஏறத்தாழப் பிறேக் இல்லாத லொறியே. இயந்திரம் கிளம்பினால் நன்று. கிளம்பாமல் முதல் வளைவு வந்துவிட்டால்? சபரகமுவத் தோட்டங்களில் முதல் வளைவு நெடுந்தொலைவில் இருப்பதில்லை. வளைவின் கீழே பெரும்பாலும் லயமிருக்கும்; பீலியருகே பெண்கள் இருப்பர்; பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பர். கல்லை இழுத்தெடுக்கும் கிளீனரின் கையும் காலும் சில்லுக்கு எத்தனை விரற்கடை தூரத்தில் இருக்கின்றன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனிப் பற்றரிக்கு வருவோம். ஈயமும் கந்தக அமிலமும் கொண்ட சேமிப்புக்கலத்தை 1859இல் ஆக்கியவர் காஸ்தோன் பிளான்தே என்னும் பிரெஞ்சு அறிஞர். ஈயத் தகட்டின்மேல் பசைபோல் ஈயச் சேர்வையை அப்பி, அதன் கொள்ளளவைப் பெருக்கும் வழியை 1881இல் கமீல் போர் கண்டார். அன்று தொட்டு இன்று வரை லொறிப் பற்றரியின் உள்ளமைப்பு அடிப்படையில் மாறவில்லை. ஒரு தகடு வெறும் ஈயம், மற்றது ஈயவீரொட்சைட்டு. இரண்டும் நீர் கலந்த கந்தக அமிலத்தில் நிற்கின்றன. மின்னைக் கொடுக்கும்போது இரு தகடுகளும் ஈயசல்பேற்றாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னை மீளச் செலுத்தினால் யாவும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இத்தகைய கலம் ஒன்று ஏறக்குறைய 2 வோல்ற்றுத் தரும். ஆறு சேர்ந்தால் 12 வோல்ற்றுப் பற்றரி. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கிப் பிறக்கும் சூட்டினாலேயே எண்ணெய் பற்றுகிறது. அந்த நெருக்கத்தை வென்று இயந்திரத்தைச் சுழற்ற, பற்றரி சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னைக் கொட்ட வேண்டியிருக்கிறது. சிறிய பெற்றோல் வண்டியை முன்னே இரும்புக் கைபிடி கொண்டு சுற்றிக் கிளப்பினர். பெரிய டீசல் லொறியை அவ்வாறு சுற்ற மனிதக் கைக்கு வலுப் போதாது.

இவ்விடத்தில் ஒரு கிளைச்செய்தி. பழைய பற்றரிகளின் கறுத்த உறை எபொனைற்று என்னும் கடின இறப்பரால் ஆனது. இறப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கினால் அது கொம்பைப்போல் இறுகும்; அமிலம் அதைத் தின்னாது. இலங்கையில் இறப்பர் மரம் முதன்முதல் வேரூன்றியது 1876இல், கம்பகாவை அடுத்த ஹெனரத்கொட தாவரவியற் பூங்காவில். அங்கிருந்து பரவிய மரமே கேகாலைக் குன்றுகளை மூடியது. எட்டியாந்தோட்டையில் ஒரு தொழிலாளி வெட்டிய பால், கடல் கடந்து சென்று, பற்றரி உறையாகித் திரும்பி, அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற லொறியில் அமர்ந்திருக்கவும் கூடும். இன்று அந்த இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துவிட்டது. அதனோடு ஒரு தொழிலும் போயிற்று. முன்னாட் பற்றரியின் மேல்முகம் தாரினால் மூடப்பட்டிருக்கும். கலங்களை இணைக்கும் ஈயப் பட்டைகள் வெளியே தெரியும். பட்டறைக்காரர் தாரை உருக்கி, பட்டையை அறுத்து, கெட்ட ஒரு கலத்தை மட்டும் தூக்கியெடுத்து, வேறு தகடு போட்டு மூடுவர். ஒட்டி மூடிய இக்காலப் பற்றரியில் அது இயலாது. ஒரு கலம் கெட்டால் முழுதும் கெட்டதே.

பற்றரி ஏன் சாகிறது? வயது முதற் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தோட்டத்துப் பற்றரி தன் வயதுக்கு முன்பே சாவதுண்டு. கொழுந்து லொறியின் ஒருநாள் ஓட்டத்தைக் கவனித்தால் அது விளங்கும். நிறுவை மடுவத்தில் நிற்கிறது. எண்ணெயைச் சிக்கனப்படுத்த இயந்திரம் நிறுத்தப்படுகிறது. கொழுந்து ஏறியதும் மீண்டும் கிளப்பப்படுகிறது. அரை மைல் சென்று அடுத்த மடுவத்தில் மறுபடி நிற்கிறது. ஒவ்வொரு கிளப்பலும் ஒரு பெருஞ்செலவு. பழைய வண்டிகளின் டைனமோவோ, இயந்திரம் மெல்ல ஓடும்போது மின்னே தராது. சற்று விரைந்து ஓடினால்தான் வரவு தொடங்கும். நாள் முழுதும் செலவு, கொஞ்சமே வரவு. பாதி வெறுமையாய்க் கிடக்கும் பற்றரியில் ஈயசல்பேற்று கடினப் பளிங்காய்ப் படிந்து, பின்னர் எவ்வளவு மின் செலுத்தினும் கரைய மறுக்கிறது.

பாதை இன்னொரு பகைவன். ஒவ்வொரு குழியிலும் சில்லு விழும்போது தகட்டில் அப்பிய பசை சிறிது உதிர்கிறது. உதிர்ந்தது அடியில் வண்டலாகத் தங்கி, ஒருநாள் தகடுகளின் காலைத் தொட்டதும், அக்கலம் உள்ளுக்குள்ளேயே குறுக்கிட்டு ஒழிகிறது. பெட்டியில் பற்றரியை இறுக்கிப் பிடிக்கும் பட்டை இல்லாத வண்டிகளில் இது விரைவில் நேரும். பட்டை துருப்பிடித்து விழுந்தபின், அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையைச் செருகி ஓட்டும் வழக்கம் எங்கும் உண்டு. அது கண்டிக்கத்தக்க வழக்கம்.

மூன்றாவது, நீர். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஈரமும் சேறும் பற்றரியின் முகத்தில் படிந்தால், நேர்முனைக்கும் மறைமுனைக்கும் இடையே மின் சிறிது சிறிதாகக் கசியும். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூக்கும் உப்பு, இணைப்பைத் தின்னும். வெளியே இத்தனை தண்ணீர் இருக்க, உள்ளே ஊற்றுவதற்கு ஏற்ற தண்ணீர் கிடைப்பதுதான் அரிது. பீலித் தண்ணீர் குடிக்க இனிது, பற்றரிக்கு நஞ்சு. தகரக் கூரைவழி வடிந்த மழைநீரில் நாகமும் இரும்பும் கலந்திருக்கும். காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். மட்டம் குறைந்ததென்று அமிலத்தை ஊற்றுவோரும் உளர். ஆவியாய்ப் போவது நீரேயன்றி அமிலமன்று. இறப்பர்த் தோட்டங்களில் இதிலும் பெரிய தவறு நேரக்கூடும். பாலை உறையவைக்கும் போமிக்கமிலமும் களஞ்சியத்தில் கலன் கலனாய் இருக்கும். இரண்டுமே அமிலந்தானே என்று அதைப் பற்றரியில் வார்த்தால் தகடுகள் அழிந்தொழியும்.

ஆகவே லொறி கிளம்பவில்லை என்றவுடன் பற்றரிக் கடைக்கு ஓடுதல் முறையன்று. முதலில் முன்விளக்கைப் போட்டுவிட்டு, செல்ப்பை இயக்கிப் பார்க்க வேண்டும். விளக்கு மங்கி அணைந்தால், குறை பற்றரியிலோ இணைப்பிலோ இருக்கிறது. விளக்கு மங்காமல் எரிந்தும் இயந்திரம் அசையாவிட்டால், குறை செல்ப்பிலோ அதன் சுவிச்சிலோ இருக்கலாம். முனைகளைக் கழற்றிச் சுரண்டித் துடைத்து இறுக்கியதும் உயிர்பெற்ற “செத்த” பற்றரிகள் பல. சட்டகத்தோடு பூட்டிய ஏர்த் கம்பியை எவரும் நினைப்பதில்லை. அதன் அடியில் துரு இருந்தால், எத்தனை பற்றரி வாங்கினும் பயனில்லை. அதன்பின் நீரமானியை எடுக்கலாம். நிறைந்த கலத்தில் அமிலத்தின் தன்னீர்ப்பு 1.26 முதல் 1.28 வரை நிற்கும். வெப்ப நாடுகளுக்கென நிரப்பப்பட்டவற்றில் 1.24 அளவில் நிற்பதும் உண்டு. 1.12க்கு இறங்கினால் கலம் வெறுமை. ஆறு கலங்களும் ஒன்றுபோல் இறங்கியிருந்தால், பற்றரி பசித்திருக்கிறது என்று பொருள், மின்னூட்டிப் பார்க்கலாம். ஐந்து நன்றாயிருந்து ஒன்று மட்டும் விழுந்து கிடந்தால், அதற்குரிய மருந்து இல்லை.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானதும், தோட்டத்து அலுவலகத்தில் ஒரு வழக்கு எழும். பாரவண்டிகளில் பெரும்பாலும் பற்றரி ஒன்றன்று; இரண்டு. சிலவற்றில் இரண்டு 6 வோல்ற்றுப் பற்றரிகள் தொடராகி 12 வோல்ற்றுத் தரும். சிலவற்றில் இரண்டு 12 வோல்ற்றுப் பற்றரிகள் தொடராகி 24 தரும். இரண்டில் ஒன்று இறந்து, மற்றது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

“இரண்டு எதற்கு? செத்தது ஒன்றுதானே! ஒன்றுக்கு எழுதித் தருகிறேன்” என்பார் கிளாக்கர்.

“ஐயா, ரெண்டும் ஒண்ணாப் போட்டாத்தான் நிக்கும்” என்பார் சாரதி.

கணக்குப் புத்தகம் கிளாக்கர் பக்கம் நிற்கிறது. இயற்கை சாரதி பக்கம் நிற்கிறது. தொடரில் நிற்கும் இரு பற்றரிகளும் ஒரே நுகத்தில் பூட்டிய இரு மாடுகள் போன்றவை. ஒன்றினூடு செல்லும் மின்னே மற்றதனூடும் செல்ல வேண்டும். வேறு வழி அதற்கில்லை. கிளப்பும்போது, கிழப் பற்றரி பாதிவழியில் சோர்ந்து தடையாய் நிற்கும். புதியதன் வலுவும் வீணாகும். மின்னூட்டும்போது, கொள்ளளவு சுருங்கிய கிழம் விரைவில் நிறைந்து, மேலும் வரும் மின்னால் கொதித்துத் தன் நீரை இழக்கும். அதற்குள் புதியது முழுதும் நிறைந்திராது. டைனமோவைக் காக்கும் ஒழுங்காக்கியோ இரண்டின் கூட்டுத்தொகையை மட்டுமே பார்க்கும். நிறைந்துவிட்டதென எண்ணி வரவைக் குறைத்துவிடும். நாள்தோறும் அரைவயிறாய்க் கிடக்கும் புதிய பற்றரி சில மாதங்களில் கிழவனின் துணைக்குப் போய்விடுகிறது. பாதிச் செலவில் முடிந்ததாய் எண்ணிய காரியம் ஒன்றரை மடங்காய்த் திரும்பி வருகிறது. ஆகவே இரண்டையும் ஒருங்கே, ஒரே வகையாய், ஒரே கொள்ளளவாய், ஒரே காலத்தில் ஆக்கப்பட்டவையாய் மாற்ற வேண்டும். பணம் இல்லை என்பது உண்மையான இடையூறு. ஆயினும் ஒன்றை மட்டும் வாங்குவதைவிட, ஒரு மாதம் பொறுத்து இரண்டையும் வாங்குவது மேல். அந்த ஒரு மாதமும் வண்டியை மின்னூட்டும் இடத்தோடு இணைத்து இரவைக் கழிக்கச் செய்யலாம்.

இதே காரணத்தால் இன்னொரு வழக்கத்தையும் விட வேண்டும். 24 வோல்ற்று லொறியில் 12 வோல்ற்று வானொலிப்பெட்டியை வைக்க விரும்பும் சாரதி, இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்துக்கொள்கிறார். பாட்டுக் கேட்கும், பற்றரி ஒன்று மட்டும் நாளும் மெலியும். வானொலி கேட்பதைத் தடுக்க வானொலியே சொல்லலாகாது. 24ஐ 12 ஆக மாற்றித் தரும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது, அதனூடாகக் கேட்கலாம்.

வாங்கும்போது விலையை மட்டும் பார்த்தல் போதாது. பழையதன் நீளம், அகலம், உயரம், முனைகள் நிற்கும் பக்கம் இவற்றை அளந்துகொண்டு செல்ல வேண்டும். டைனமோ பூட்டிய பழைய வண்டிக்கு, நீர் வார்க்கும் மூடிகளுள்ள பற்றரியே ஏற்றது. முற்றாக மூடிய புதுவகைகள் பல, பழைய டைனமோ தரக்கூடியதைவிடச் சற்று உயர்ந்த வோல்ற்றளவில் நிறைபவை. பழைய வண்டியில் அவை நிறைவு காணாமலே வாழ நேரிடும்.

பூட்டும் முறையிலும் ஒரு பொறி உண்டு. பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் நேர்முனையே சட்டகத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். மொறிஸ் மைனர் கார் வைத்திருப்போர் இதனை அறிவர். இக்கால வண்டிகளில் மறைமுனையே சட்டகத்துக்கு. பழக்கத்தின் பேரில் மாற்றிப் பூட்டினால் டைனமோவும் ஒழுங்காக்கியும் கெடும். ஆகவே பழையதைக் கழற்றுமுன் எந்த முனை எங்கே சென்றது என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொள்வது நன்று. கழற்றும்போது சட்டகத்துக்குச் செல்லும் கம்பியை முதலிற் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதனைக் கடைசியிற் பூட்ட வேண்டும். இதற்குக் காரணம் எளிது. அக்கம்பி இணைந்திருக்கையில் மற்ற முனையைத் திருகும் ஸ்பேனர் சட்டகத்தைத் தொட்டுவிட்டால், முழு மின்னும் அந்த இரும்பினூடாய்ப் பாயும். விரலில் மோதிரம் இருந்தால் அதையும் கழற்றிவிட வேண்டும்.

மின்னூட்டிய பற்றரியிலிருந்து ஐதரசன் வெளிவரும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும். அமில மட்டத்தைப் பார்க்கத் தீக்குச்சி கிழித்தவரின் முகத்தில் பற்றரி வெடித்த சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. பீடியைத் தூர எறிந்துவிட்டே பக்கத்தில் வர வேண்டும். அமிலம் கண்ணில் தெறித்தால், ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டேயிருந்து, பின் வைத்தியரிடம் செல்ல வேண்டும். முனைகளில் பூத்த உப்பை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, பூட்டியபின் கிறீஸ் தடவினால், மழைக்கு அது கவசம். பெட்டியின் மூடி தொலைந்திருந்தால் தச்சரைக் கொண்டு ஒன்று செய்விக்க வேண்டும். இயந்திரம் ஓடியதும் வேகத்தைச் சற்று உயர்த்தி, சிவப்பு விளக்கு அணைகிறதா என்று பார்க்க வேண்டும். அணையாவிட்டால் டைனமோவின் பெல்ற் தளர்ந்ததோ, அல்லது உள்ளே கரித்துண்டு தேய்ந்ததோ என ஆராயாமல் புதுப் பற்றரியை அதனிடம் ஒப்படைத்தல் கூடாது.

கழற்றிய பழைய பற்றரி என்ன ஆகிறது? மின்சாரம் எட்டாத வீடுகள் மிகுந்திருந்த காலத்தில் அதற்கு ஒரு மறுபிறவி இருந்தது. 1980களிலும் 1990களிலும் வண்டிப் பற்றரி ஒன்றைக் கொண்டு தொலைக்காட்சி பார்த்த கிராமத்து வீடுகள் இலங்கையில் ஏராளம். கிழமைக்கொருமுறை அதனைச் சுமந்து சென்று நகரத்துக் கடையில் மின்னூட்டி வருவர். அக்காலம் பெரும்பாலும் போய்விட்டது. இன்று அது லயத்துக் கோடியில் மழையில் கிடக்கிறது. அல்லது ஈயத்துக்காக உடைக்கப்படுகிறது.

உடைப்பதே பெருங்கேடு. பற்றரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதனை அடுப்பில் உருக்கினால் கண்ணுக்குத் தெரியாத தூசு எழுந்து மண்ணிலும் பாத்திரத்திலும் படிகிறது. தவழும் குழந்தை அந்த மண்ணைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. ஈயம் அதன் மூளை வளர்ச்சியைத் தாக்குகிறது. குழந்தையின் இரத்தத்தில் இந்த அளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. செனகல் நாட்டில், டாக்கார் நகரை அடுத்த தியாரோய் சூர் மேர் என்னுமிடத்தில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே பதினெட்டுக் குழந்தைகள் இறந்தன. பழைய பற்றரிகளிலிருந்து ஈயம் பிரித்தெடுக்கப்பட்ட மண்ணே காரணம் எனக் கண்டறியப்பட்டது. ஏழைத் தாய்மார் சில காசுகளுக்காக அந்த மண்ணைச் சலித்தனர். பிள்ளைகள் அருகே விளையாடின.

அமிலத்தைக் கானில் ஊற்றிவிட்டு, வெறும் பெட்டியாய் விற்பவரும் உண்டு. கேகாலைத் தோட்டங்களின் கான்கள் ஓடைகளாகி, சீதாவாக்கை கங்கை முதலியவற்றோடு களனி கங்கையைச் சேர்கின்றன. அம்பத்தளையில் அந்த ஆற்றிலிருந்தே கொழும்பு மாநகருக்குக் குடிநீர் எடுக்கப்படுகிறது. இரத்தினபுரியின் ஓடைகள் களுகங்கைக்குப் போகின்றன. கீழே உள்ளவர் எவரும் மேலே கானில் என்ன ஊற்றப்பட்டது என்று அறியமாட்டார்.

பழையது பணமாகவும் பயன்படும். புதுப் பற்றரி விற்கும் கடைகள் பல, பழையதை எடுத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைக் கழிக்கின்றன. இரண்டு பழைய பற்றரிகளையும் உடைக்காமல், அமிலத்தோடேயே, மூடிகளை இறுக்கி, நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டி, லொறியிலேயே அவிசாவளைக்கோ இரத்தினபுரிக்கோ கொண்டுசென்று கொடுக்கலாம். ஒவ்வொன்றும் ஓர் ஆள் தனியே தூக்கத்தக்க பாரமன்று. இருவர் பிடிக்க வேண்டும்.

புதியவை பெட்டியில் அமர்ந்தபின் எஞ்சியிருப்பது சிறுவேலை. இரண்டின் பக்கத்திலும் வெள்ளை மையால் பூட்டிய நாளை எழுதி, அதே நாளை லொறியின் ஓட்டப் புத்தகத்திலும் குறிக்க வேண்டும். மாதம் ஒருமுறை, சம்பள நாளன்று என வைத்துக்கொண்டால் மறவாது, மூடிகளைத் திறந்து, மட்டம் பார்த்து, காய்ச்சி வடித்த நீரை வார்த்து, நீரமானி காட்டிய அளவைக் கலம் கலமாக எழுதிவர வேண்டும். எழுதுவது கிளீனரின் வேலையாய் இருக்கட்டும். நான்கைந்து மாத எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாய் நிற்கும்போது, எந்தக் கலம் மற்றவற்றுக்குப் பின்தங்குகிறது என்பது அவன் கண்ணுக்கே முதலில் தெரியும். அப்பக்கத்தைக் கொண்டுபோய்க் கிளாக்கரிடம் காட்டலாம்.